ஒரே சாக்லேட், வேறு வேறு நாய்கள்

மேசையிலிருந்த 45 கிராம் பால் சாக்லேட் பாரை 30 கிலோ லேப்ரடார் ஒன்று உறையோடு விழுங்கிவிட்டது என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் வாலாட்டிக்கொண்டு நிற்கும். ‘நம்ம நாய் எதையும் செரித்துவிடும்’ என்ற பெருமை வீட்டில் அப்போதுதான் பிறக்கிறது. ஆபத்தான பெருமை.

கொக்கோ விதையில் தியோப்ரோமின் இருக்கிறது. கூடவே கொஞ்சம் காஃபீனும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். உடலை அமைதிப்படுத்தும் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தை இவை பிடித்துக்கொள்ளும். நரம்புகள் அடங்காது, இதயம் படபடக்கும், தசைகள் துடிக்கும். நம் உடலிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் நமக்குள் போன தியோப்ரோமினில் பாதி, 10 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கழிந்துவிடும். நாய்க்கு அந்தப் பாதி கழியவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பித்தத்தோடு குடலுக்கு இறங்கியது மறுபடி ரத்தத்தில் கலக்கும். சிறுநீர்ப்பைக்குப் போய்விட்டதுகூட அதன் சுவர் வழியே திரும்பி ஊறும்.

நாய் மட்டுமல்ல: 2014-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வேட்டைக்காரர்கள் கவர்ச்சித் தீனியாகக் கொட்டிவைத்த சாக்லேட்டைத் தின்று 4 கரடிகள் செத்தன. பூனைக்கும் இது விஷம்தான். இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது என்பதால் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

இனி கணக்கு. பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோப்ரோமின். டார்க் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கும் மேல். கேக்குக்குப் போடும் கொக்கோ பவுடரில் 20 அளவுக்கு. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை. 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-இல் வலிப்பு வரலாம். நம் லேப்ரடாருக்குக் கிடைத்தது கிலோவுக்கு வெறும் 3. அதே பார் 3 கிலோ பொமரேனியனுக்கு 30. அது டார்க் சாக்லேட்டாக இருந்திருந்தால் 75!

வெள்ளைச் சாக்லேட்டில் தியோப்ரோமின் அநேகமாக இல்லை. ஆனால் கொழுப்பு மிகுதி, கணையம் வீங்கலாம். சர்க்கரை சேர்க்காத பார் என்றால் உறையைப் படித்தே ஆகவேண்டும். அதில் சைலிட்டால் இருந்தால், நாயின் உடல் இன்சுலினைக் கொட்டும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கிவிழலாம். திராட்சை சேர்ந்த பாரோ சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

தியோப்ரோமினுக்கு இவ்வளவு அவசரம் கிடையாது. அறிகுறிகள் வெளிப்பட 6 முதல் 12 மணி நேரம்கூட ஆகும். ராத்திரி தின்ற நாய் விடியற்காலையில் மூச்சிரைக்கத் தொடங்குவது இதனால்தான். அறிகுறிக்காகக் காத்திராமல், உறையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விடுவது நல்லது. என்ன சாக்லேட், எத்தனை கிராம், நாயின் எடை என்ன என்றுதான் அவர் முதலில் கேட்பார். போகும் முன் உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தியெடுக்க வைப்பது மகா தவறு. உப்பே தனி விஷமாகிவிடும்.

மாற்று மருந்து என்று இதற்கு எதுவும் இல்லை. ஊசி போட்டு வாந்தியெடுக்க வைப்பார்கள், மருத்துவக் கரித்தூளைக் கொடுப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள். சிறுநீர்ப்பையில் தேங்கியது திரும்ப ஊறாமலிருக்க அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பார்கள். முடியாவிட்டால் குழாய் செருகி எடுப்பார்கள். கடுமையாகப் பாதித்த நாய் முழுதாகத் தெளிய 3 நாள் வரை ஆகலாம்.