குறட்டையும் மூக்குக் கவ்வியும்

ஒருவன் கவலையின்றி உறங்கினான் என்று சொல்லவேண்டிய இடத்தில் 'குறட்டை விட்டுத் தூங்கினான்' என்கிறோம். முப்பதாண்டுக் காலம் மாணவர்க்குத் தமிழ் கற்பித்த நானும் அவ்வழக்கில் ஐயங் கொண்டதில்லை. கும்பகருணன் துயிலைப் பாடஞ் சொல்லும்போது, அவனை எழுப்பச் சென்ற அரக்கர் அவன் மூச்சுக்காற்றுக்கு அஞ்சிய செய்தியை விரித்துரைத்து வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அச்சிரிப்பு என் பக்கமே திரும்பிய நாளும் வந்தது. சென்ற ஆண்டு ஒரு பிற்பகற் பாடவேளையில், மாணவனொருவன் எழுந்து செய்யுள் ஒப்புவித்துக்கொண்டிருக்க, ஆசிரியர் நாற்காலியில் இருந்தபடியே உறங்கிப்போனார். அவரை எழுப்பியது அவருடைய குறட்டையே.

உடன் கற்பிக்கும் நண்பர்கள் வயதின்மேற் பழியைப் போட்டனர். வீட்டிலோ உண்மை வேறுவிதமாகத் தெரிந்திருந்தது. என் மனைவி சில மாதங்களாகவே சரியாக உறங்கவில்லை. என் சத்தம் அவள் உறக்கத்தைக் கெடுக்கிறது போலும் என்றெண்ணி, முன் விறாந்தையிற் பாயை விரித்துக்கொள்வதாகச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "சத்தம் கேட்டா எனக்கு நிம்மதி. சத்தம் நிண்டாத்தான் பயம். மூணு ஸலவாத்து ஓதி முடியுமட்டும் மூச்சில்லாமக் கிடக்கிறீங்க. பிறகு கடல்ல முங்கினவன் எழும்பின மாதிரித் துடிச்சு மூச்செடுக்கிறீங்க" என்றாள். ஒரு நோயின் இலக்கணம் முழுவதும் அவ்வார்த்தைகளில் அடங்கியிருந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன்.

கிரேக்க மொழியில் 'அப்னீயா' என்றால் மூச்சின்மை. உறக்கத்திற் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோவதை மருத்துவர் அச்சொல்லாற் குறிப்பர். மணிக்கு 5 முறைக்கு மேல் மூச்சு நிற்றலோ குறைதலோ நிகழுமாயின் நோய். 15 ஐத் தாண்டினால் நடுத்தரம். 30 ஐத் தாண்டினாற் கடுமை. நம்மவர் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று சொல்லிவருகின்றனர். திணறல் என்பது நோயின் பின்பாதி மட்டுமே, முன்பாதி அடைப்பு. ஆதலின் 'துயில் மூச்சடைப்பு' என்பதே பொருத்தமென்பது என் துணிபு. ஏற்பார் ஏற்க.

அடைப்பு எங்கே நிகழ்கின்றது? மூக்கில் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது தொண்டையில் நிகழ்கின்றது. சிறு வயதிற் பப்பாசி இலைக் காம்பைக் குழலாக்கிக் குரும்பை நீர் உறிஞ்சியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காம்பு பசுமையாக இருக்குமட்டும் நீர் தடையின்றி ஏறும். வாடித் துவண்டபின் வலித்து உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வலிக்கின்றோமோ அவ்வளவு இறுகும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாவின் அடி பின்னே சரிகின்றது. உள்ளிழுக்கும் மூச்சே வழியை ஒட்டவைத்துவிடுகின்றது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு நம்மை அரைகுறையாக எழுப்புகின்றது. வழி திறக்கின்றது, மீண்டும் உறங்குகின்றோம், மீண்டும் அடைக்கின்றது. இரவு முழுவதும் இவ்வாறு எழுந்தெழுந்து கிடந்தவன் காலையில், தான் நன்றாக உறங்கியதாகவே சொல்வான். நானும் சொன்னேன். பகலில் வந்து வருத்தும் உறக்கமோ நாற்காலியோடு நிற்பதில்லை. கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய ஒரு மாலை, காரைதீவு கடந்தது எனக்கு நினைவில்லை. வண்டி வீதியோரத்து மணலில் இறங்கிய குலுக்கலிலேயே விழித்தேன். இதை வீட்டிற் சொல்லவில்லை. இக்கட்டுரை வழியாகவே மனைவி அறியப்போகிறாள்.

இந்நோயாளனை மருத்துவருக்கு முன்பே எழுத்தாளர் கண்டுகொண்டார் என்பது எம்போன்றோருக்கு ஒரு பெருமை. 1836-37 இல் வெளிவந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' நவீனத்தில், நின்றபடியே உறங்கிக் குறட்டை விடும் பருத்த பையன் ஜோ என்பவனை டிக்கன்ஸ் படைத்தார். 1956 இல் அமெரிக்க மருத்துவர் சிலர், பருத்த உடலும் தீராத உறக்கமும் கொண்ட ஒருவரின் நிலைக்குப் 'பிக்விக் நோய்' என்று அப்புதினத்தின் பெயரையே இட்டனர். அந்த நோயாளர் சீட்டாட்டத்தில் மூன்று ஏசும் இரண்டு கிங்கும் கையில் வைத்துக்கொண்டே உறங்கிப்போனவராம். சீட்டாட்டம் நமக்கு ஆகாத காரியம். ஆயினும் அவர் நிலைக்கு இரங்காதிருக்க முடியவில்லை. மூச்சு அடைபடுவதே உறக்கத்தின் காரணம் என்பது 1965 இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் நிகழ்ந்த ஆய்வுகளாற்றான் தெளிவாயிற்று.

இவை ஒன்றும் அறியாத நாளிலேயே, கட்டாரிலிருக்கும் என் மகன் ஒரு பொருளை அனுப்பிவைத்தான். இரு நாசித் துவாரங்களையும் உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சிறிய சிலிக்கோன் கவ்வி அது. உறையின்மேல், சிரித்தபடி உறங்கும் ஒரு வெள்ளைக்காரர். "வாப்பா, இது போட்டா ஆஸ்பத்திரிக்கே போகத் தேவயில்ல" என்று தொலைபேசியிற் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்ப நானும் வழி தேடிக்கொண்டிருந்தமையால் மறுபேச்சின்றி அணிந்தேன். முதலிரவே சத்தம் குறைந்துவிட்டது. மகனுக்கு நன்றி சொல்லக் கைப்பேசியை எடுத்தபோது மனைவி தடுத்தாள். மூச்சு நிற்பது நின்றபாடில்லையாம். முன்பு சத்தம் ஓய்ந்ததும் அவள் விழித்துக்கொள்வாள். இப்போது சத்தமே சன்னமாகிவிட்டதால், அது எப்போது ஓய்கின்றதென்று தெரியாமல் என் மூக்கின்முன் உள்ளங்கையை வைத்தபடியே விடியுமட்டும் இருந்திருக்கிறாள். கள்வன் உள்ளே இருக்கக் காவற்காரன் வாயைக் கட்டியதற்கு ஒப்பாயிற்று என் காரியம். மூக்கை விரிக்கும் கவ்வியும், மூக்கின்மேல் ஒட்டும் பட்டியும், மூக்கடைப்பு உள்ளார்க்குச் சிறிது சுகந் தரலாம், குறட்டையையும் குறைக்கலாம். தொண்டையில் ஒட்டிய குழலை அவை திறப்பதில்லை.

அன்று தொட்டு மூக்குப் பொறி எதனையும் பழித்துப் பேசும் மனநிலைக்கு வந்தேன். அதுவும் பிழையென்று பின்னர் தெரிந்தது. இந்நோய்க்கு இன்று முதன்மையாகக் கொள்ளப்படும் சிகிச்சையே ஒரு மூக்குப் பொறியாகத்தான் பிறந்தது. 1980 வரையும் கடுமையான நோயாளருக்குக் கழுத்திலே துளையிட்டு மூச்சுவிடச் செய்வதே உறுதியான வழியாயிருந்தது. சிட்னி நகரத்து மருத்துவர் கொலின் சலிவன், தூசு உறிஞ்சும் பொறியின் மோட்டாரை எதிர்ப்புறமாக இயக்கி, மூக்கின் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்திப் பார்த்தார். வாடிய பப்பாசிக் குழலை உறிஞ்சாமல் ஊதினால் அது விரியுமன்றோ? தொண்டையும் விரிந்தது. ஐந்து நோயாளரிடத்துக் கண்ட பயனை 1981 இல் 'லான்செற்' சஞ்சிகையில் அவர் வெளியிட்டார். அப்பொறியின் வழித்தோன்றலே இன்று 'சீபாப்' எனப்படுகின்றது.

அங்ஙனமாயின் மாற்றுப் பொறி எதற்கு என்று வினவலாம். முகமூடியும் குழாயும் பூட்டிக்கொண்டு உறங்குவது எல்லார்க்கும் இயல்வதன்று. தொடங்கிவிட்டுக் கைவிடுவோர் பலர். விலையோ ஓர் ஆசிரியனின் பல மாதச் சம்பளம். அதற்கு மின்சாரமும் வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறந்தவர் யார்? இவையன்றி, 2021 யூன் மாதத்திற் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியடக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடுமென்று கூறி, உலகெங்கும் தன் பொறிகள் பலவற்றைத் திருப்பியழைத்தது. ஐயம் மாற்றுப் பொறிக்கு மட்டும் உரியதன்று.

மாற்றுப் பொறிகளுள் ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. 2008 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'புரொவென்ட்' என்பது, ஒவ்வொரு நாசித் துவாரத்தின்மேலும் ஒட்டும் ஒரு சிறு வால்வு. உள்ளே வரும் காற்றுக்கு வழிவிட்டு, வெளியே போகும் காற்றை மட்டும் அது நெருக்குகின்றது. வயலுக்குப் பாயும் நீரைத் தடுக்காமல், வடியும் நீரை மட்டும் தேக்கும் மதகு போல. தேங்கிய காற்றின் அழுத்தம், அடுத்த மூச்சு தொடங்குமட்டும் தொண்டையைத் தாங்கிப் பிடிக்கின்றது. மின்சாரமில்லை, மோட்டாருமில்லை. வாயைத் திறந்தால் மட்டும் அழுத்தம் ஓடிவிடும். 2011 இல் வெளிவந்த ஆய்வில், 250 நோயாளருட் சிலருக்கு உண்மை வால்வும் ஏனையோர்க்குப் போலியும் தரப்பட்டன. முதல் வாரத்தில் உண்மை வால்வு அணிந்தோருக்கு அடைப்பு 52.7 வீதம் குறைந்தது. போலி அணிந்தோருக்கு 7.3 வீதமே. போலியாலும் சிறிது குறைந்ததைக் கவனிக்க வேண்டும். என் மகன் போன்றோர் அனுப்பும் பொருள்களுக்கு நற்சான்று பிறப்பது அவ்விடத்தேதான்.

இதைப் படித்துத் துள்ளியவனை 2013 இல் வெளிவந்த சுவிற்சர்லாந்து ஆய்வு உட்காரவைத்தது. சீபாப் பொறியால் நலமாயிருந்த 67 பேரை அது ஆராய்ந்தது. அதனை விட்டு இரு வாரம் வால்வுக்கு மாறியோரிடம், போலி அணிந்தோரிடம்போலவே நோய் மீண்டுவிட்டது. சிலருக்குப் பயன்படுவது எல்லார்க்கும் பதிலாகாது என்றே இரண்டையும் சேர்த்து நான் பொருள்கொள்கிறேன். அந்த வால்வின் உற்பத்தி பின்னர் நின்றுபோயிற்று. அதே நியாயத்தில் இயங்கும் வேறு சில வந்துள்ளன. 'எயரிங்' என்ற கதை வேறு. குழாயும் கம்பியுமின்றி மூக்கிற் செருகும் நுண்பொறி வருகின்றதென்று கூறி, 2015 இல் இணையத்திற் பொதுமக்களிடம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் திரட்டினர். ஆண்டுகள் பல கழிந்தும் பணங் கொடுத்தோர் பொருளைக் கண்டிலர். மோட்டார் சைக்கிள் மணலில் இறங்குமுன் அவ்விளம்பரத்தை நான் கண்டிருந்தால், என் பணமும் அங்கே போயிருக்கும்.

இறுதியில் மருத்துவரிடம் போனேன். விரலில் ஒட்சிசன் மானியும் மூக்கிற் குழாயும் பூட்டி ஓரிரவு அளந்தனர். எண்ணிக்கை 30 ஐத் தாண்டியிருந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார். பொறியும் எழுதித் தந்தார். கடன்பட்டு வாங்கினேன். இப்போது வகுப்பில் விழித்திருக்கிறேன். மாணவர்க்குத்தான் அது சற்று ஏமாற்றம். மின்சாரமற்ற இரவுகளுக்கென்று மகனை வற்புறுத்தி ஒரு வால்வையும் தருவித்து, மருத்துவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் இங்கே உறங்குங்கள். வேலை செய்கிறதா என்று நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், அளந்து பார்ப்போம்" என்றார்.

வரும் மாதம் அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். வால்வு உறை பிரிக்கப்படாமல் அலுமாரியில் இருக்கின்றது. அறை இப்போது அமைதியாக இருப்பதால் மனைவி இன்னும் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறாள். முகமூடியின் சிறுதுளைகளின்முன் உள்ளங்கையை வைத்து, காற்று வருகின்றதா என்று பார்த்துவிட்டே மீண்டும் படுக்கிறாள்.