விவாகரத்துத் தீர்ப்பு நகல் வாங்குவது எப்படி?

விவாகரத்து கிடைச்சாச்சு, கையில காகிதம் இல்லையா? மறுமணத்தைப் பதிவு செய்யத் தீர்ப்பு நகல் வேணும்.

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 23(4)-ன்படி இருவருக்கும் ஒரு நகலைக் கோர்ட் இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம்.

தொலைந்துவிட்டால், தீர்ப்பளித்த குடும்பநல நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ நகல் மனு போடலாம். வழக்கு எண், ஆண்டு, இருவர் பெயர், தீர்ப்புத் தேதி எழுதி, கோர்ட் ஸ்டாம்பு ஒட்டணும். வழக்கு எண் பழைய சம்மனில் இருக்கும். கோர்ட் முத்திரையுள்ள சான்றிட்ட நகலாகக் கேளுங்க, ஜெராக்ஸ் போதாது.

புரோக்கரிடம் பணம் கொடுக்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுவோம்.

குழுக் கூட்டத்தில் இதைப் படித்துச் சொல்லுங்க!