கரிசல் நாவல் திரைக்குப் போனபோது

கரிசல் எழுத்திலிருந்து தமிழ் சினிமா எடுத்துக்கொண்ட கதைகளில் அதிகம் பேசப்பட்டது பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த இந்த நாவல் 2019இல் வெற்றிமாறன் இயக்கத்தில் 'அசுரன்' ஆனது.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைத்தொடர். கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி வரை கரிசல் காடு. மழையை நம்பிய வெள்ளாமையும் ஆட்டுக்கிடையும் தீப்பெட்டி ஆபீசும்தான் இங்கே பிழைப்பு. இந்த மண்ணின் பேச்சை முதலில் புத்தகத்துக்குள் தாராளமாக நுழையவிட்டவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவருடைய 'கிடை' குறுநாவலை அம்ஷன் குமார் 2003இல் 'ஒருத்தி' என்ற படமாக்கினார். பெரிய நடிகர்கள் இல்லாத படம்; பார்த்தவர்கள் குறைவு. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2012இல் எடுத்த 'அரவான்', சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலில் ஒரு சிறு பகுதியிலிருந்து பிறந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவலில் வேறு வழியும் இல்லை.

'வெக்கை'யில் சிக்கல் நேர்மாறானது. அது சிறிய புத்தகம். பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டுவதோடு கதை தொடங்கிவிடுகிறது. அதன்பின் அவனும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் நாவல். கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள், இடம் பார்த்துப் படுக்கிறார்கள், செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். யார் என்ன சாதி என்று பூமணி எங்கும் எழுதவில்லை. பகையின் நியாயத்தை வாசகரே பேச்சிலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டரை மணி நேரப் படத்துக்கு இது போதாது என்று இயக்குநர் நினைத்திருக்க வேண்டும். சிவசாமி என்று பெயர் பெற்ற தந்தைக்கு நீண்டதொரு முன்கதை வருகிறது. அதில் உள்ள பஞ்சமி நிலப் போராட்டமும் குடிசை எரிப்பும் நாவலில் இல்லாதவை. பஞ்சமி நிலம் என்பது செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஆங்கிலேய அரசு ஒதுக்கிய நிலம்; பின்னாளில் பெரும்பகுதி கைமாறிப்போனது. எரிப்புக் காட்சி 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை நினைவூட்டுகிறது. அது தஞ்சை நெல்வயலின் கூலிப் போராட்டம். அதைக் கரிசலுக்குக் கொண்டுவந்ததால் நாவல் சொல்லாமல் விட்ட வரலாற்றைப் படம் உரக்கச் சொல்ல முடிந்தது. கூடவே ஒரு நட்டமும் நேர்ந்தது: தந்தையாக நடித்தவர் தனுஷ் என்பதால் கதை பையனின் கையைவிட்டு நழுவிவிட்டது. நாவலின் பலமே, வெட்டிவிட்டு வந்தவன் இன்னும் சிறுபிள்ளையாக அய்யாவின் பின்னால் நடப்பதுதான்.

சினிமா பூமணிக்குப் புதிதல்ல. தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக அவரே இயக்கியவர். 2014இல் 'அஞ்ஞாடி' நாவலுக்குச் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

'அசுரன்' சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது பெற்றது. ஆனால் படத்துக்கு முன் 37 ஆண்டுகள் ஓரளவு வாசகர்களோடு இருந்த நாவலைப் புதியவர்கள் தேடி வாங்கியது அதைவிடப் பெரிய விஷயம். 2021இல் வெங்கடேஷ் நடித்த அதன் தெலுங்கு மறுஆக்கம் 'நாரப்பா' நேரடியாக ஓ.டி.டி.யில் வெளியானது, கதை கரிசலைவிட்டு அனந்தபுரம் பக்கம் குடிபெயர்ந்தது.