எம்பயர் ஸ்டேட் உச்சிக்கு முழங்கால் வலியோடு போகலாமா?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோரின் நியூயார்க் பயணத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் தவறாமல் இடம்பெறும். உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க ஆசை இருக்கும், மூட்டு ஒத்துழைக்காது. வழக்கமாக எழும் சந்தேகங்களும் விளக்கங்களும் இங்கே.

அம்மாவால் படி ஏற முடியாது. மேலே போக வழி உண்டா?

தாராளமாக. இரண்டாவது மாடியில் லிஃப்டில் ஏறினால் 80-வது மாடியில் இறக்கிவிடும். அங்கே இன்னொரு லிஃப்டுக்கு மாறி 86-வது மாடிக்குப் போகலாம். திறந்தவெளிப் பார்வை மேடை அங்கேதான், சுமார் 320 மீட்டர் உயரத்தில். 80-வது மாடியில் லிஃப்டுக்குக் கூட்டம் நின்றால் சிலர் "ஆறு மாடிதானே" என்று படியில் ஏறிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். தரையிலிருந்து 86-வது மாடி வரை மொத்தம் 1,576 படிகள். ஆண்டுதோறும் அதில் ஓட்டப் பந்தயமே நடக்கிறது. அது அவர்கள் பாடு.

லிஃப்ட் இருக்கிறதே, பிறகென்ன கவலை?

கவலையே ஏறுவதில் இல்லை, நிற்பதில்தான். விமான நிலையத்தைப் போலப் பரிசோதனை, அதற்கு ஒரு வரிசை. பிறகு இரண்டாவது மாடியில் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி, 80-வது மாடியில் இன்னொன்று, லிஃப்டுக்காக மறுபடியும் காத்திருப்பு. வீட்டுக்குள் கைத்தடியில்லாமல் நடமாடுபவருக்கும் மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் வீங்கிவிடும். ஆகவே கொஞ்சம் நடக்க முடிந்தவருக்கும் சக்கர நாற்காலி எடுத்துப்போவதே நல்லது.

"நான் என்ன நோயாளியா?" என்று அப்பா முறைப்பார். அதே அப்பாதான் சென்னை விமான நிலையத்தில் மறுபேச்சில்லாமல் வீல்சேரில் உட்கார்ந்தவர் என்பதை நினைவூட்டுங்கள்.

விமான நிலையத்தில் தந்ததுபோல அங்கேயும் நாற்காலியும் தள்ள ஆளும் தருவார்களா?

அதை நம்பிப் போக வேண்டாம். விமான நிலையத்தில் விமான நிறுவனம் ஏற்பாடு செய்கிறது. சுற்றுலா இடங்களில் உடன்வருபவர்தான் தள்ள வேண்டும். காரில் மடக்கி வைக்கக்கூடிய எடை குறைந்த நாற்காலி போதும். சுரங்க ரயிலில் போவதானால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: நியூயார்க்கில் பாதிக்கும் மேற்பட்ட நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. எம்பயர் ஸ்டேட்டுக்கு அருகிலுள்ள 34-வது தெரு ஹெரால்டு சதுக்க நிலையத்தில் இருக்கிறது. மாநகரப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சாய்தளமோ லிஃப்டோ உண்டு.

உட்கார்ந்தபடி இருந்தால் சுவர்தானே தெரியும்?

நியாயமான சந்தேகம். 1931-ல் இந்தக் கட்டடத்தைத் திறந்தபோது உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990-ல் வந்தது. அதன்கீழ் 1994-ல் கட்டட உரிமையாளர்கள் அந்நாட்டு நீதித் துறையுடன் உடன்பாடு செய்துகொண்டார்கள். மேடையைச் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஏற்றதாக்கியது அந்த உடன்பாட்டில் அடக்கம். இன்று மேடைக்குச் செல்லச் சாய்தளம் இருக்கிறது, உட்கார்ந்தபடியே பார்க்கத் தாழ்வான தொலைநோக்கிகளும் இருக்கின்றன. கட்டட நிர்வாகத்தின் பெருந்தன்மையால் மட்டும் வந்தவை அல்ல இவை, சட்டத்தைக் காட்டிக் கேட்டதால் வந்தவை.

கூடுதல் கட்டணம் கட்டினால் 102-வது மாடிக்கும் போகலாம். 2019-ல் புதுப்பித்ததிலிருந்து அங்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிதான். முழுக்க மூடிய இடம் என்பதால் காற்றும் குளிரும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏற்றது.

எல்லா ஊர்க் கோபுரங்களும் இப்படித்தானா?

இல்லை. பாரிஸின் ஈஃபில் கோபுரத்தில் சக்கர நாற்காலிக்கு இரண்டாம் தளம் வரைதான் அனுமதி, அது 116 மீட்டர் உயரம். உச்சித் தளத்துக்கும் லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் நாற்காலியோடு ஏற்ற மாட்டார்கள். பாதுகாப்பே காரணம்.

பலருக்குப் புரியாமல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தீ விபத்து நேர்ந்தால் முதலில் நிறுத்தப்படுவது லிஃப்ட். அப்போது இறங்கப் படி மட்டுமே மிஞ்சும். 2001-ல் நியூயார்க் உலக வர்த்தக மையம் தாக்கப்பட்டபோது, சக்கர நாற்காலியில் இருந்த ஊழியர் ஒருவரை 69-வது மாடியிலிருந்து உடன் வேலை செய்த பத்துப் பேர் மாறி மாறிப் படிவழியே இறக்கிக் காப்பாற்றினார்கள். படியில் சறுக்கி இறக்குவதற்கென்றே செய்யப்பட்ட நாற்காலி கையருகே இருந்ததால்தான் அது நடந்தது. 1993-ல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்த பிறகு வாங்கி வைத்தவை அந்த நாற்காலிகள். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் சுமார் 25 மாடிக்கு ஒன்றாகப் புகை புகாத அடைக்கல அறைகளைக் கட்டும்போதே அமைத்துவிட்டார்கள். 1889-ல் எழுப்பிய இரும்புக் கோபுரத்தின் உச்சியில் அதற்கெல்லாம் இடமேது?

காது அடைப்பு, தலைசுற்றல் வருமா?

லிஃப்ட் வேகமாக ஏறும்போது காது லேசாக அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். சூரியன் மறையும் நேரம் அழகுதான், ஆனால் கூட்டம் நெரியும். காலையில் திறந்ததும் போய்விடுவது உத்தமம்.

நம் ஊரில்?

சென்னை மெரினா கலங்கரை விளக்கம் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2013-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருப்பதே அபூர்வம், இங்கே இருக்கிறது. ஆனால் ஒன்பதாவது மாடியோடு நின்றுவிடும். பார்வை மேடைக்கு அதற்கு மேல் படி ஏற வேண்டும். மூட்டு வலிக்காரர் கடலைக் கிட்டத்தட்டப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அதே மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலை வரை போக 2022-ல் மரப்பாதை போட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. கலங்கரை விளக்கத்தின் கடைசி மாடிப் படிக்கும் ஒரு வழி காண வேண்டும். முடியாதென்றால், உயிர்காப்பு ஏற்பாடுதான் தடையா, இடநெருக்கடியா என்பதை நுழைவுச்சீட்டு தரும் இடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசம், விதிகள் வெளியான 2017-லிருந்து கணக்கிட்டாலும், 2022-லேயே முடிந்துவிட்டது.