கால் அகட்டி நிற்க ஓர் இடம்

1836-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓட வேண்டிய எலிஸ் என்ற குதிரையோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே, குட்வுட் லாயத்தில் இருந்தது. பந்தயக் குதிரைகளை நடத்தியே கூட்டிப்போன காலம் அது. அவ்வளவு தூரம் நடக்க இரண்டு வாரம் பிடிக்கும். எலிஸ் இனி வந்து சேராது என்று சூதாடிகள் கணக்குப் போட்டார்கள். குதிரையின் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் பென்டிங்க் பிரபு, உள்சுவர் முழுவதும் மெத்தை வைத்துத் தைத்த ஒரு பெரிய வண்டியைச் செய்யச் சொல்லி, எலிஸை அதில் ஏற்றி, இழுக்கும் குதிரைகளை வழியில் மாற்றி மாற்றி மூன்றே நாளில் கொண்டுவந்து இறக்கினார். எலிஸ் ஜெயித்தது. பந்தய உலகம் இதை ஒரு தந்திரக் கதையாகவே சொல்லிவருகிறது. இந்தத் தொடருக்கு அதில் வேண்டியது அந்த மெத்தைதான். குதிரை தடுமாறும், போய் மோதும், அடிபடும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, மோதும் இடத்தை மென்மையாக்கி வைக்கிற சிந்தனை அது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் குதிரை வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சிந்தனையிலேயே நிற்கிறார்கள். குதிரை ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது.

பெரிய உடம்பும் மிரளும் சுபாவமும் கொண்ட குதிரையை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வண்டியில் ஏற மறுப்பது, ஏறியபின் வியர்த்துக் கொட்டுவது, சுவரை உதைப்பது எல்லாவற்றையும் சுபாவத்தின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். ஓடும் வண்டியில் குதிரை காட்டும் மிரட்சியில் பெரும்பங்கு, கால் நிலைகொள்ளாததால் வருவது என்பதே என் வாதம். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அகலம், உயரம், தலையை இறக்க வழி ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். மெத்தை, குளிர்சாதனம், வெளிப்பூச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. நீண்ட கழுத்தும் கனத்த தலையும் முன்பக்கம் இருப்பதால் அப்படி. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் அந்த உடல் முன்னோக்கிச் சரிகிறது. முன்னால் பார்த்து நிற்கும் குதிரை, எங்கே முகம் மோதிவிடுமோ என்று தலையைத் தூக்கி, எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளப் பார்க்கும். வளைவில் வண்டி திரும்பும்போது உடல் பக்கவாட்டில் சாயும். அப்போது அதற்கிருக்கும் ஒரே வழி காலை அகட்டி வைப்பது. டவுன் பஸ்ஸில் கம்பி கிடைக்காமல் நிற்கிறவர் என்ன செய்வாரோ அதைத்தான் குதிரையும் செய்கிறது. ஆனால் குதிரைக்கு அகட்ட வேண்டியவை நான்கு கால்கள், நிறுத்த வேண்டியது 600, 700 கிலோ எடை. இரண்டு குதிரைகள் ஏறும் சாதாரண ட்ரெய்லரில் நடுவே தரைவரை இறங்கும் ஒரு தடுப்புப் பலகை இருந்தால் கால் அகட்ட இடமே கிடையாது. அகட்டிய கால் பலகையில் முட்டி நிற்கும்; குதிரை உடம்போடு பலகையின் மேல் சாயும்; எதிர்ப்பக்கக் கால்கள் வழுக்கிச் சுவரில் ஏறி ஓடத் தொடங்கும். பழைய ட்ரெய்லர் ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர் உள்ளே குனிந்து சுவரின் அடிப்பகுதியைப் பார்க்கட்டும். தரையிலிருந்து ஓரிரு அடி உயரம் வரை வில் வில்லாக லாடம் கீறிய தடங்கள் அடுக்கடுக்காக இருந்தால், அந்த வண்டியில் போன குதிரை ஒவ்வொரு வளைவிலும் விழாமலிருக்கப் போராடியிருக்கிறது என்று பொருள்.

சட்டம் எவ்வளவு இடம் கேட்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 1/2005 எண் கொண்ட விலங்குப் போக்குவரத்து விதி, வளர்ந்த குதிரை ஒன்றுக்குச் சாலைப் பயணத்தில் 0.7 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தை அளவாக வைக்கிறது. 70 சென்டிமீட்டர் அகலத்தைப் பெரிய குதிரையின் வயிறே கிட்டத்தட்ட அடைத்துவிடும். நிற்கலாம்; கால் அகட்ட முடியாது. உயரத்தில் அதே விதி தாராளமாக இருக்கிறது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டுக்கு மேல் குறைந்தது 75 சென்டிமீட்டர் வெளி வேண்டும் என்கிறது. குதிரைக்காரர்கள் 17 ஹேண்ட் என்று சொல்லும் குதிரைக்குத் தோள்மேடு 68 அங்குலம், அதாவது ஏறத்தாழ 173 சென்டிமீட்டர். அதனோடு 75 சேர்த்தால் 248 சென்டிமீட்டர், எட்டு அடிக்குச் சற்று அதிகம். அமெரிக்காவில் சாதாரண அளவு என்று விற்கப்படும் ட்ரெய்லரின் உள்ளுயரம் ஏழு அடிதான். பெரிய இனங்களுக்கென்று விற்கப்படுவதே பெரும்பாலும் ஏழரை அடி. தலையைத் தூக்கிச் சமாளிக்கும் சுபாவமுள்ள குதிரைக்குக் கூரை தாழ்ந்திருந்தால், முதல் பிரேக்கிலேயே உச்சி இடிக்கும். ஒரே ஒரு முறை இடித்தாலும் அடுத்த தடவை அது வண்டி வாசலிலேயே நின்றுவிடும்.

தலையை இறக்க வழி வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நீண்ட பயணங்களில் அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. குதிரை தலையைத் தாழ்த்தும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வழிந்து வெளியேறுகின்றன. 1990-களில் ஆஸ்திரேலியாவில் ஷரன் ராய்டல் குழுவினர் குதிரைகளின் தலையை உயர்த்திக் கட்டி வைத்துச் சோதித்தார்கள். 6 முதல் 12 மணி நேரத்துக்குள்ளேயே கீழ்மூச்சுப் பாதையில் பாக்டீரியாக்கள் பெருகி அழற்சி தொடங்கியிருந்தது. நெடும்பயணத்துக்குப் பின் குதிரைகளைத் தாக்கும் நுரையீரல் நோயின் வேர் இங்கே இருக்கிறது. மிரளும் குதிரையைக் குட்டைக் கயிற்றில் இறுக்கிக் கட்டி, உலர்புல் வலையை முகத்துக்கு நேராக உயரத்தில் தொங்கவிடுவது அதை அடக்குவதாகத் தோன்றலாம். பெரிய குதிரையின் நீண்ட கழுத்துக்கு அது இரட்டைத் தண்டனை. வண்டியின் முன்பக்கம் தலையை இறக்கும் அளவுக்கு நீளம் இருக்கிறதா என்பதை, உள்ளே நிற்கும் குதிரையை வைத்தே பார்க்க வேண்டும். விற்பனைத் தாளில் அச்சிட்ட மொத்த நீளம் அதைச் சொல்லாது.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. 1993-இல் டெக்சஸ் ஆய்வாளர்கள், பின்னோக்கி நின்ற குதிரைகள் சுவரில் மோதுவதும் தடுமாறுவதும் குறைவு என்று கண்டார்கள். 1996-இல் நடாலி வாரன் குழு லாரியில் செய்த சோதனையில், பின்னோக்கிப் பயணித்த குதிரைகளின் இதயத் துடிப்பு குறைந்திருந்தது. அவை பின்சப்பையைச் சாய்த்து இளைப்பாறவும் செய்தன. பிரேக்கின் வேகத்தை அகன்ற பின்சப்பை வாங்கிக்கொள்ள, தலையும் முன்னங்கால்களும் விடுபடுகின்றன. ஆனால் 1994-இல் கலிபோர்னியாவில் பி. எல். ஸ்மித் குழு, கட்டி நிறுத்திய குதிரைகளின் இதயத் துடிப்பில் திசையால் வேறுபாடு காணவில்லை. அதே குழு கட்டாமல் விட்டுப் பார்த்தபோது, நிற்கும் வண்டியில் எப்படியும் நின்ற குதிரைகள், ஓடும் வண்டியில் அதிக நேரம் பின்னோக்கியே நின்றன. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று அடிப்பதாகச் சொல்லிப் பின்னோக்கும் ஏற்பாட்டையே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. தேர்வு கையில் இருக்கும்போது குதிரைகள் எதை நாடின என்பது, கட்டிப்போட்ட உடலின் துடிப்பு எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய சாட்சி. அதற்காகப் பின்னோக்கி நிறுத்துவதை எல்லாக் குதிரைக்கும் சட்டமாக்கவும் கூடாது. குதிரைக்குக் குதிரை நாட்டம் வேறுபடுகிறது. முன்னோக்கி நிற்கச் செய்த ட்ரெய்லரில் குதிரையைத் திருப்பி மட்டும் நிறுத்துவது ஆபத்து. அப்படி நிறுத்தினால் எடை அச்சுக்குப் பின்னால் போய், இழுக்கும் காரின் கொக்கி மேல் விழ வேண்டிய பாரம் குறைந்து, ட்ரெய்லர் சாலையில் பாம்பாக நெளியத் தொடங்கும். பின்னோக்கி ஏற்ற வேண்டுமானால் அதற்கென்றே அச்சை இடம் வைத்துச் செய்த வண்டி வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராக அனுபவசாலிகள் முதலில் சொல்வது, இறுக்கமான இடம்தான் குதிரையைத் தாங்கிப் பிடிக்கும், அகலம் கொடுத்தால் கீழே விழும் என்பது. அசையாமல் நிற்கும் குதிரைக்கு அது உண்மையாகப் படலாம். ஓடும் வண்டியில் சாய்மானம் தாங்குவதில்லை, காலைத்தான் அடைக்கிறது. சுவரில் லாடத் தடம் ஏறுவது இறுக்கமான வண்டிகளில்தான். இதற்கு விலை குறைந்த ஒரு வழியைப் பிரிட்டனில் பலர் பின்பற்றுகிறார்கள். இரட்டை ட்ரெய்லரின் நடுத்தடுப்பைக் கழற்றிவிட்டு, வண்டியின் முழு அகலத்துக்கும் நெஞ்சுக்கு ஒரு கம்பியும் பின்சப்பைக்கு ஒரு கம்பியும் பொருத்தி, ஒற்றைக் குதிரையை ஏற்றுவது. பெரிய வண்டிக்குப் பணமில்லை என்ற மறுப்புக்கும் இதுவே பதில். இருவருக்கான இடத்தில் ஒருவரை ஏற்றினால் இடம் வீணாகிறதே என்பார்கள். ஆனால் எடைக் கணக்கும் ஒற்றைக் குதிரை என்ற அதே முடிவுக்குத்தான் வருகிறது. சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய 3.5 டன் குதிரை லாரிகள் பிரிட்டனில் ஏராளம். வண்டியின் சொந்த எடை, எரிபொருள், ஆட்கள், சேணம், தண்ணீர் எல்லாம் போக, குதிரைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு டன்னுக்குள்தான். 700 கிலோ குதிரை ஒன்று தாராளமாகப் போகும். இரண்டு ஏற்றினால் பிரேக்கும் டயரும் தாங்கக்கூடிய அளவை வண்டி தாண்டிவிடும்.

மருந்து கொடுத்து அமைதிப்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அமைதி மருந்து, குதிரைக்கு அந்த நேரத்தில் மிகவும் தேவையான சமநிலை உணர்வையே மங்கவைக்கிறது. அசெப்ரோமசின் போன்றவை இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். தடுமாற்றத்தால் பயந்த குதிரையை இன்னும் தடுமாற வைக்கிற வேலை அது. மருத்துவர் பார்த்துத் தரும் அவசர நேரம் வேறு. வண்டியின் குறைக்கு மருந்தை மாற்றாக வைப்பது வேறு. பழக்கப்படுத்தினால் எந்த வண்டியிலும் ஏறும் என்கிறவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆஸ்திரேலியக் குதிரை உரிமையாளர்களிடம் பார்பரா பதாலினோ குழுவினர் நடத்திய கணக்கெடுப்பில், தானாக ஏறப் பழக்கப்பட்ட குதிரைகளிடம் பயணத் தொல்லைகளும் காயங்களும் குறைவாகவே காணப்பட்டன. பழக்கம் அவசியம். ஆனால் உள்ளே போனால் வலிக்கும் என்பதையே ஒவ்வொரு முறையும் அனுபவமாகத் தரும் வண்டியில் பழக்கினால், குதிரை அந்தப் பாடத்தைத்தான் பழகும். நல்ல வண்டியை முதலில் வைத்துக்கொண்டு பழக்க வேண்டும்.

ஏறும் வாசலுக்கும் இதே அளவுகோல்தான். இருட்டுக்குள் குதிரையின் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். வெயிலில் நின்ற குதிரைக்கு இருண்ட பெட்டி குழிபோலத் தெரியும். உள்ளே வெளிர்நிறச் சுவர், விளக்கு, முன்பக்கம் திறக்கும் கதவு ஆகியவை இருக்கும் வண்டியை நான் தேர்வேன். ஏறும் பலகை 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்று ஐரோப்பிய விதி குதிரைகளுக்கு வரையறுக்கிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தளம் உள்ள லாரிக்கு இதைக் கணக்கிட்டால் பலகை ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் இருக்க வேண்டும். தாழ்தள ட்ரெய்லர் இங்கே லாரியை வென்றுவிடுகிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளை ஏற்றி இறக்குகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சரக்கு லாரியின் உயர்ந்த தளத்துக்குக் குட்டைப் பலகை வைத்து ஏற்றினால் எந்த நாட்டுக் குதிரையும் முரண்டு பிடிக்கும்.

தனியே போகும் குதிரைக்குத் துணை கிடைக்காதபோது நொறுங்காத அக்ரிலிக் கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரில் மாட்டலாம். கண்ணாடி இருந்த ட்ரெய்லரில் குதிரைகள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதும் கனைப்பதும் குறைந்ததை 2009-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இது இடம் கொடுத்த பிறகு செய்ய வேண்டியது, இடத்துக்கு மாற்றாகாது.

எல்லாம் பொருந்தி, விலை பேசும் கட்டத்துக்கு வந்தபின் தரையை விட்டுவிடக் கூடாது. ரப்பர் விரிப்பை ஓரத்திலிருந்து முழுவதும் சுருட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். பலகைத் தரையானால் சுவரோரத்திலும் பின்வாசல் பக்கத்திலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். மூத்திரம் தேங்கி ஊறும் இடங்கள் அவைதான். முனை உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது. அலுமினியத் தரையானால் வெள்ளைப் பொடி படிந்த அரிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பயந்து காலை உதறும் 700 கிலோ குதிரையின் பாரம் சில நேரம் ஒற்றைக் குளம்பின் அடியில் போய் நிற்கிறது. அந்தக் குளம்பு தரையைத் துளைத்துக்கொண்டு ஓடும் சாலையில் இறங்கினால் குதிரை பிழைப்பது அரிது. விரிப்பை எடுக்க விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

(அடுத்த வாரம்: விமானத்தில் பறக்கும் குதிரைகள்)