மழைக்கு நெய்த துணி

1823-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்ல்ஸ் மாக்கின்டாஷ் என்ற வேதியியலாளர் ஒரு காப்புரிமை பெற்றார். நிலக்கரியைச் சூடாக்கித் தெருவிளக்குக்கு வாயு எடுத்த பிறகு மிஞ்சும் தாரிலிருந்து நாஃப்தா என்ற எண்ணெயை வடித்து, அதில் ரப்பரைக் கரைத்தார். கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டினார். அந்தத் துணியில் தைத்த கோட்டில், துணியின் வழியே ஒரு சொட்டு மழைகூடப் புகவில்லை. உள்ளே ஊறிய வியர்வையும் வெளியே போகவில்லை.

வெயிலில் அந்தக் கோட்டு பிசுபிசுத்தது, குளிரில் பலகைபோல் விறைத்தது, நாற்றமும் அடித்தது. 1840-களில் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைக்கும் முறை வந்ததும் பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன. வியர்வை மட்டும் தீரவில்லை. மனிதத் தோல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. மேடேறினாலோ சுமை இழுத்தாலோ அது பல மடங்காகும். போக வழியில்லாத ஆவி கோட்டின் உட்புறத்தில் நீராகப் படியும். அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மழையில் நனையாதவன் தன் வியர்வையில் நனைந்து நடுங்குவான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு துணிக்கடைக்காரர். விஞ்ஞானிகளின் வரலாற்றில் அவர் பெயர் அநேகமாக இருக்காது. தாமஸ் பர்பரி 1835-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தார். துணிக்கடையில் எடுபிடியாகத் தொழில் கற்று, 1856-இல், 21 வயதில், ஹாம்ப்ஷயரில் பேஸிங்ஸ்டோக் என்ற சிற்றூரில் சொந்தக் கடை திறந்தார். குடியானவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள் என்று நாள் முழுக்க வெளியில் நிற்பவர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். அவ்வூர் மேய்ப்பர்கள் முரட்டு லினன் துணியில் தைத்த தொளதொளப்பான மேலங்கி போடுவார்கள். ஆடுகளைத் தொட்டுத் தூக்கிப் புழங்குவதால் ரோமத்திலுள்ள கொழுப்பு அந்த அங்கியில் ஏறி, மழை அதில் ஒட்டாமல் போனதைப் பர்பரி கவனித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியிருந்தாலும், அதற்குள் இருக்கும் வேதியியல் சரியானது. ஆட்டு ரோமத்தின் லனோலின், நீரை அண்டவிடாத ஒரு மெழுகு.

1879-இல் அவர் உருவாக்கி, 1888-இல் காப்புரிமை பெற்ற துணிக்குக் கேபர்டின் என்று பெயர் வைத்தார். அது இரண்டு வேலைகள் ஒன்றுசேர்ந்த துணி. முதலாவது, நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர் ஒட்டாத பதம் ஏற்றுவது. நெய்து முடித்தபின் துணிக்கு மறுபடியும் ஏற்றுவது. இரண்டாவது, நெசவின் நெருக்கம்.

பருத்தி இழைக்கு நீர் மிகவும் பிடிக்கும். பதம் ஏற்றாத பருத்தித் துணியில் ஒரு சொட்டு விழுந்தால் அது தட்டையாகப் பரவும். நீரின் விளிம்பு துணியோடு சேரும் இடத்தில் உண்டாகும் கோணத்தைச் சேர்கோணம் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். பருத்தியில் அது 90 பாகைக்கும் குறைவு. அப்படிப்பட்ட பரப்பில் இருக்கும் நுண்ணிய சந்து ஒவ்வொன்றும் நீரைத் தானே உறிஞ்சும் நுண்புழையாகிவிடும். சந்து குறுகக் குறுக உறிஞ்சல் கூடும். நூலில் மெழுகுத் தன்மை ஏறிவிட்டால் சேர்கோணம் 90 பாகையைத் தாண்டுகிறது. தாமரை இலையில் உருளும் தண்ணீரைப்போலச் சொட்டு திரண்டு நிற்கிறது. அப்போது அதே சந்து நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளுகிறது. சந்து குறுகக் குறுகத் தள்ளும் வலுவும் கூடுகிறது. சந்தின் அகலம் பாதியானால் நீரை உள்ளே திணிக்க இருமடங்கு அழுத்தம் வேண்டும். நேற்றுவரை உறிஞ்சிய ஓட்டை, நூலின் குணம் மாறியதும் காவலாகிவிடுவதை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. துணியின் மேல் மட்டும் பூசினால் போதாது, நூல் நூலாகப் பதம் ஏற்ற வேண்டும் என்று பர்பரி பிடிவாதமாக இருந்ததன் பொருள் இதுதான்.

இனி நெருக்கம். சாதா நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலின் மேல் போகும், அடுத்ததன் கீழ் இறங்கும், மறுபடி மேல். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் ஒரு நூல் இன்னொரு நூலைத் தாண்டி வர இடம் வேண்டும். அந்த இடம்தான் சந்து. கேபர்டின் ட்வில் வகை நெசவு. பாவு நூல் இரண்டு ஊடைகளின் மேல் போய், ஒன்றின் கீழ் இறங்குகிறது. தாண்டும் தடவைகள் குறைவதால் நூல்கள் இன்னும் நெருங்கி உட்கார முடிகிறது. பாவில் ஊடையைவிட அதிக நூல்களை ஓட்டுவார்கள். அதனால்தான் கேபர்டின் துணியின் முகத்தில் தெரியும் சாய்கோடுகள் 45 பாகையைவிடச் செங்குத்தாக ஏறுகின்றன. ஜீன்ஸிலும் காக்கித் துணியிலும் இந்தச் சாய்கோட்டைப் பார்க்கலாம், அவையும் ட்வில்தான். கேபர்டினில் நூல் இன்னும் மெல்லியது, கோடு இன்னும் நெருக்கம்.

அப்படியானால் வியர்வை எப்படி வெளியேறுகிறது? மழைத்துளியின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நீராவியின் மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. துளிக்கு மூடிய கதவாகத் தெரியும் சந்து, மூலக்கூறுக்குப் பெரிய மைதானம். ஆவி அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். ரப்பர் கோட்டு நீரின் இரண்டு வடிவங்களையும் தடுத்தது. பர்பரியின் துணி ஒன்றைத் தடுத்து இன்னொன்றை விட்டது.

1891-இல் பர்பரி லண்டனில் ஹேமார்க்கெட் தெருவில் கடை போட்டார். 1901-இல் ஈட்டி ஏந்திக் குதிரையில் பாயும் வீரன் நிறுவனத்தின் சின்னமானான். ஆனால் இங்கிலாந்தின் தூறலுக்காக நெய்யப்பட்ட இந்தத் துணி தன் முழு வலிமையைக் காட்டியது மழையே அபூர்வமான இடத்தில்.

அண்டார்க்டிகாவில் விழுவது பனித்தூள். அங்கே ஆளைக் கொல்லுவது காற்று. உடலை ஒட்டிக் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று எப்போதும் தங்கியிருக்கும், கம்பளி அதைத் தன் இழைகளுக்குள் பிடித்து வைக்கும். கம்பளியின் கதகதப்பு உண்மையில் அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றின் கதகதப்பு. பலத்த காற்று அடித்தால் அது கம்பளிக்குள் புகுந்து அந்த இருப்பைத் துடைத்துக்கொண்டு போய்விடும். பிறகு எத்தனை கம்பளி போட்டாலும் பயன் குறைவு. கம்பளிக்கு மேலே காற்று நுழையாத மெல்லிய ஒரு தோல் வேண்டும். அந்தத் தோல் வியர்வையையும் வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே உறைந்து, உடை பனிக்கட்டிக் கவசமாகிவிடும். பனிச்சறுக்கு வண்டியை மனிதர்களே இழுத்துப் போகும் பயணங்களில் இது உயிர்ப் பிரச்சினை. வேலை செய்பவருக்கு வியர்க்கும், நின்றதும் அந்த வியர்வை உறையும். கேபர்டின் இந்த இரண்டு தேவைக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

தென்துருவப் பயணிகளின் மூட்டைகளில் அது இடம்பிடித்தது இப்படித்தான். ராபர்ட் ஸ்காட், எர்னஸ்ட் ஷாக்கிள்டன், ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் மாசன் ஆகியோரின் குழுக்கள் பர்பரியின் காற்றுத் தடுப்பு உடைகளை அணிந்தன. மாசனின் குழு 1912 முதல் தங்கியிருந்த டெனிசன் முனையில் ஆண்டுச் சராசரிக் காற்று வேகமே மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்த நார்வேயின் ரோல்டு அமுண்ட்சென் அங்கே ஒரு சிறு கூடாரத்தை விட்டுவந்தார். மிக மெல்லிய கேபர்டினில், அவருடைய ஃப்ராம் கப்பலிலேயே தைத்த கூடாரம் அது. ஒரு மாதத்துக்குப் பின் களைத்து வந்து சேர்ந்த ஸ்காட்டின் குழு அதற்குள் நார்வே மன்னருக்கு அமுண்ட்சென் எழுதிவைத்த கடிதத்தைக் கண்டது.

துணியின் எல்லையும் அதே அண்டார்க்டிகாவில் தெரிந்தது. ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கிய பிறகு, 1916-இல் அவரும் ஐந்து பேரும் ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு திறந்த படகில் யானைத் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடந்தார்கள். அவர்கள் போட்டிருந்தவை பனியில் வண்டி இழுப்பதற்கான உடைகள். அலை நீர் அவற்றை ஊடுருவியது, அந்தப் பயணம் முழுக்க ஈரத்திலேயே கழிந்தது. சந்துகள் தாங்கும் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தூறலின் துளி அதைத் தாண்டாது. அலையடித்து அறையும் கடல்நீர் தாண்டிவிடும்.

எவரெஸ்ட்டில் நடந்தது இன்னும் வியப்பானது. 1924 ஜூன் 4 அன்று மலையேற்றக்காரர் எட்வர்ட் நார்ட்டன் ஆக்சிஜன் உருளை இல்லாமல் சுமார் 8,570 மீட்டர் உயரம்வரை ஏறினார். அந்தச் சாதனை 1978-இல் மெஸ்னர், ஹாபலர் என்ற இரு மலையேற்றக்காரர்கள் ஆக்சிஜன் இல்லாமல் உச்சியைத் தொடும்வரை முறியவில்லை. நார்ட்டன் அன்று போட்டிருந்தவை: கம்பளி உள்ளாடை, தடித்த ஃப்ளானல் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், கேபர்டின் சூட்டு, காலில் காஷ்மீரக் கம்பளிப் பட்டி, இவை அனைத்துக்கும் மேலே பைஜாமாவைப் போல் லேசான பர்பரி கேபர்டின் அங்கியும் கால்சட்டையும். நான்கு நாள் கழித்து அதே மலையில் மறைந்த, நார்ட்டனின் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் மாலரியின் உடல் 1999 மே 1 அன்று 8,100 மீட்டருக்கும் மேலே கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி, கேபர்டின் என்று அடுக்கடுக்காக அவர் உடுத்தியிருந்தவற்றின் எச்சங்களை ஆராய்ந்து, அதே வகை நூலிலும் நெசவிலும் மறுபடியும் தைத்தார்கள். 2006-இல் கிரஹாம் ஹாய்லண்ட் என்ற மலையேற்றக்காரர் அவற்றை எவரெஸ்ட் பகுதிக்கே கொண்டுபோய் அணிந்து பார்த்தார். எடை குறைவு, கைகால் வீசி ஏற வசதி, நடமாடும்வரை போதுமான கதகதப்பு என்பது அவர் கண்டது. இரவைத் திறந்தவெளியில் கழிக்க மட்டும் அவை போதாது. ட்வீட் கோட்டுப் போட்டுக்கொண்டு எவரெஸ்ட் ஏறப் போனார்கள் என்று அந்தத் தலைமுறையைப் பற்றி நெடுங்காலம் பேசப்பட்டது நியாயமில்லாத பேச்சு. தங்கள் காலத்து அறிவியலின் நுனியை அவர்கள் உடுத்தியிருந்தார்கள்.

முதல் உலகப் போர் இந்தத் துணிக்கு நாம் இன்று அறிந்த வடிவத்தைக் கொடுத்தது. சிப்பாய்களுக்கு அரசு கொடுத்த கனத்த கம்பளிக் கோட்டு மழைநீரையும் பதுங்குகுழிச் சேற்றையும் குடித்துப் பாரமாகும். அதிகாரிகள் தங்கள் உடையைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம் என்பதால் லேசான கோட்டைத் தேடினார்கள். 1912-இலேயே பர்பரி நிறுவனம் இடுப்பு வாரால் கட்டும் ஒரு கோட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. தோளில் பதவிச் சின்னத்துக்கான பட்டை, பொருள்களை மாட்ட உலோக வளையங்கள், முதுகில் நீர் வழிந்தோட ஒரு மடிப்பு எல்லாம் சேர்ந்து ட்ரெஞ்ச் கோட்டு உருவானது. இதே பெருமையை அக்வாஸ்குட்டம் என்ற இன்னொரு லண்டன் நிறுவனமும் கோருகிறது. இருவருக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். தாமஸ் பர்பரி 1926-இல் காலமானார்.

அதற்குப் பிந்திய கதையில் துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போகிறது. மணல் நிறத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடும் கட்டம் 1920-களில் கோட்டின் உட்புற லைனிங்காக வந்தது. போடுபவருக்கு மட்டுமே தெரிந்த அந்தக் கட்டம் 1967-இல் பாரிஸ் கடையில் குடையாக வெளியே வந்தது. பிறகு கழுத்துத்துண்டு, பை, தொப்பி. 1955-இலேயே நிறுவனம் கிரேட் யுனிவர்சல் ஸ்டோர்ஸ் என்ற பெருவணிகக் குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. கட்டத்தைப் போலியாக அச்சடிப்பது எளிது, நெசவைப் போலியாகச் செய்வது கடினம். ஆனாலும் உலகம் விலை கொடுத்தது கட்டத்துக்கு. 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டில் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருள்களை நிறுவனம் அழித்தது தெரியவந்து கண்டனம் எழுந்தது. மலிவாக விற்றால் பெயர் கெடும் என்பதே ஆடம்பர வணிகம் சரக்கை அழிப்பதற்கான காரணம். 2018 செப்டம்பரில் இனி அழிப்பதில்லை என்று அறிவித்தார்கள். ஆடு மேய்ப்பவரின் அங்கியைக் கூர்ந்து பார்த்ததில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிறுவனம், நல்ல துணியை நெருப்பிலிட்ட அந்தக் காலம் வருத்தம் தருகிறது.

பர்பரி தொட்ட அந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வகம், கடலில் விழும் விமானிகளுக்காக வென்டைல் என்ற பருத்தித் துணியை உருவாக்கியது. நனைந்ததும் இழைகள் ஊதி, சந்துகளைத் தாமே அடைத்துக்கொள்ளும் துணி அது. 1969-இல் அமெரிக்காவின் பாப் கோர், டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துக் கோடிக்கணக்கான நுண்துளைகள் கொண்ட படலமாக்கினார். கோர்-டெக்ஸ் அப்படி வந்தது. துளியைத் தடு, ஆவியை விடு என்ற அதே விதி, இன்னும் சிறிய துளைகளில். நீர் ஒட்டாமலிருக்க இத்தகைய உடைகளுக்கு ஏற்றிய சில ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவது தெரிந்ததும், நாடுகள் அவற்றைத் தடைசெய்யத் தொடங்கியுள்ளன. அதனால் மெழுகும் நெருங்கிய பருத்தி நெசவும் மறுபடியும் மதிப்புப் பெறுகின்றன.

பர்பரியின் ட்ரெஞ்ச் கோட்டுகள் இன்றும் யார்க்‌ஷயரின் காஸில்ஃபோர்டில் தைக்கப்படுகின்றன. அவற்றுக்கான கேபர்டின் அதே வட்டாரத்துக் கீத்லியில் நெய்யப்படுகிறது. கட்டமும் குதிரைவீரனும் நிறுவனத்தின் சொத்து, வேறு யாரும் அவற்றைத் தொட முடியாது. நெசவுக்கான 1888-ஆம் ஆண்டுக் காப்புரிமையோ காலாவதியாகி நூறாண்டுக்கு மேலாகிறது. பாவை நெருக்கி ஓட்டவும் நூலுக்குப் பதம் ஏற்றவும் தெரிந்த எந்த ஆலையும் இன்று அந்தத் துணியை நெய்யலாம்.