ஆறு அறை உருளையும் ஓர் இரும்புப் பட்டையும்!

குழந்தைகளே! பழைய சினிமாவில் போலீஸ் அதிகாரி இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் குட்டி டப்பா போல ஓர் உருளை இருக்கும். அதுதான் ரிவால்வர். 'ரிவால்வ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'சுழல்' என்று பொருள். உருளை சுழல்வதால் இந்தப் பெயர்.

பல நாட்டுப் போலீசாரிடம் நெடுங்காலம் இருந்த ரிவால்வர் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 10'. அதன் கதையைத் தெரிந்துகொள்வோமா?

கப்பலில் பிறந்த யோசனை

1830ம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'கோர்வோ' என்ற கப்பல் நம் நாட்டின் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அதில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், 16 வயது சிறுவன் சாமுவேல் கோல்ட். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழல்வதையும், வேண்டிய இடத்தில் அது பூட்டி நிற்பதையும் பார்த்தபோதுதான் அவனுக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். பயணத்தின்போதே மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினான்.

அக்காலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரு முறைதான் சுடும். பிறகு மறுபடியும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்ப வேண்டும். சுழலும் துப்பாக்கிகள் சில இருந்தாலும், உருளையைக் கையால் திருப்ப வேண்டியிருந்தது. கோல்ட் செய்த துப்பாக்கியிலோ, பின்னால் உள்ள சுத்தியலை இழுத்தாலே உருளை தானாகத் திரும்பியது. 1836ல் அமெரிக்க அரசு அவருக்குக் காப்புரிமை வழங்கியது.

ஆனாலும் ஒரு தொல்லை இருந்தது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தையும் குண்டையும் தனித்தனியாக அடைக்க வேண்டும். மருந்து, குண்டு எல்லாம் ஒரே உலோகக் கூட்டில் அடங்கிய தோட்டாவைப் போடும் ரிவால்வரை 1857ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இரு நண்பர்கள். இதற்குத் தேவையான உருளைக்கு ரோலின் ஒயிட் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். அவருக்குத் துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் பணம் கொடுத்தே அதைப் பயன்படுத்தினார்கள்.

போலீசுக்குப் பிடித்த துப்பாக்கி

அதே நிறுவனம் 1899ல் ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்றே ஒரு ரிவால்வரைத் தயாரித்தது. 1957ல் அதற்கு 'மாடல் 10' என்று பெயர் மாறியது. இதுவரை 60 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இது எப்படி வேலை செய்கிறது? தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வெடித்திருக்கிறீர்கள் அல்லவா? விசையை இழுக்க இழுக்க, ஒவ்வொரு பொட்டாக முன்னே வரும். இதிலும் அப்படித்தான். விசையை இழுத்தால் சுத்தியல் பின்னால் போகும். அதே நேரத்தில் ஒரு சிறு கொக்கி உருளையைத் தள்ளித் திருப்பும். அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும் பூட்டிக்கொள்ளும். உடனே சுத்தியல் விழுந்து தோட்டாவின் அடியில் குத்தும். மருந்து பற்றி எரிந்து, அந்த வாயு குண்டைத் தள்ளும். குழலுக்குள் திருகு போன்ற பள்ளங்கள் உண்டு. அதனால் குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டே நேராகப் போகும்.

ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் கவலை இல்லை. மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். உருளையைப் பக்கவாட்டில் திறந்து, முன்னால் உள்ள கம்பியை அழுத்தினால் ஆறு வெற்றுக் கூடுகளும் ஒன்றாகக் கீழே விழும். நம்பிக்கையானது, பழகுவதற்கு எளிது. போலீசார் இதை விரும்பியதற்கு இவையே காரணம்.

ஒரு மாலுமியின் உயிர்

இரண்டாம் உலகப் போரின்போது இந்த ரிவால்வர்கள் லட்சக்கணக்கில் தயாராயின. 1944ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில், தோட்டா நிரப்பிய ரிவால்வர் தவறி இரும்புத் தளத்தில் விழுந்தது. யாரும் விசையைத் தொடவே இல்லை. விழுந்த வேகத்தில் சுத்தியல் தோட்டாவில் இடித்து, துப்பாக்கி வெடித்தது. ஒரு மாலுமி இறந்துபோனார்.

இத்தனைக்கும் உள்ளே ஒரு தடுப்பு முன்பே இருந்தது. ஆனால், தேவையான நேரத்தில் அது கைகொடுக்கவில்லை. "விழுந்தது அவர்கள் தவறு" என்று நிறுவனத்தின் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. விரைவிலேயே புதிய தடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். அது விரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புப் பட்டை! சுத்தியலுக்கு முன்னால் குறுக்கே நிற்கும். விசையை முழுதாக இழுத்தால் மட்டுமே கீழிறங்கி வழிவிடும். போர் முடிந்த பிறகு செய்த மாடல் 10 துப்பாக்கிகளிலும் அந்தப் பட்டை இடம்பெற்றது.

ஓய்வு பெற்ற ரிவால்வர்

ஆறு தோட்டா மட்டும் போதாது என்ற நிலை பின்னாளில் வந்தது. கைப்பிடிக்குள் பதினைந்து தோட்டா வரை அடங்கும் பிஸ்டல்கள் வந்தன. நியூயார்க் போலீசார் 1993ல் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கினார்கள். ரிவால்வரை விடாமல் வைத்திருந்த பழைய காவலர்களும் 2018ல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

குழந்தைகளே, துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. எங்காவது நிஜத் துப்பாக்கியைக் கண்டால், "காலியாகத்தான் இருக்கும்" என்று நினைத்துத் தொடாதீர்கள். விலகி நின்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். அந்த மாலுமி விசையைத் தொட்டு இறக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆகலாம். நீங்கள் செய்த பொருளில் ஒரு குறை தெரிந்தால், பழியை அடுத்தவர் மேல் போடாமல், குறையைச் சரிசெய்யுங்கள். அந்தச் சின்னப் பட்டை நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்!